உதிர்ந்த பூவுக்கு ஒரு குற்றவாளி

மருதனார்மடத்துக்குக் கிழக்கே தோட்டம் செய்த கனகலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஒரே ஒரு தடவைதான் காய்ச்சல் வந்தது. அதற்கும் அயலிலே ஒருவரைக் காரணம் காட்டினார். மாடு பால் குறைத்தால் யாரோ பார்த்தது. கிணற்றுத் துலாவின் கயிறு அறுந்தால் யாரோ அறுத்தது. தெய்வத்தை அவர் அவ்வளவாக நம்பியதில்லை. மனிதர்கள் செய்யக்கூடிய கெடுதியில் மட்டும் அசையாத பக்தி.

அந்தப் பக்தியின் மூலவர் பரமலிங்கம், மனைவி மீனாம்பிகையின் தம்பி. தாயின் சீதனக் காணியில் பாதி அக்காவுக்கு, மறுபாதி தம்பிக்கு. நடுவில் இருந்த கிணற்றை வேலி போட்டுப் பிரிக்க முடியாததால் நேரத்தைப் பிரித்தார்கள். விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை கனகலிங்கம் இறைக்கலாம். அதற்குப் பிறகு பரமலிங்கம். விடியல் முறை என்றால் சும்மாவா? துலாவின் மேலேறி மிதித்து இறைப்பவனுக்குத் தலை காயாது. விட்ட தண்ணீர் பாத்திக்குப் போய்ச் சேரும். பிந்திய முறைக்காரன் பாதித் தண்ணீரைச் சூரியனுக்கு இறைக்கிறான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு தை பிறந்ததும், பரமலிங்கம் கால் மணி நேரம் முந்தித் துலாவில் ஏறிவிட்டான் என்று கனகலிங்கம் ஊர்த் தலைவரான விதானையாரிடம் போனார். விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் அந்தக் கிணற்றைத் தொடக்கூடாது என்றார் விதானையார். பரமலிங்கம் கோயில் கிணற்றிலிருந்து தோளில் காவுதடி வைத்துத் தண்ணீர் சுமந்து, மிளகாய் நாற்றைக் காப்பாற்றித் தை முடியுமுன் நட்டுவிட்டான்.

"சொந்தக் கிணறு இருக்க ஊர்க் கிணத்திலை அள்ளுறதோ? உவனுக்கு வெக்கமில்லை, எனக்கிருக்கு," என்றார் கனகலிங்கம். அவருடைய நாற்று மேடையிலேயே கருகியது. மாசியில் தீர்ப்பு வந்தது: விடியல் முறை பழையபடி அவருக்கே. வென்ற களிப்பில் புதிதாய் விதை போட்டு, நாற்று எடுத்து நடும்போது பங்குனி பாதி போய்விட்டது.

செடி நன்றாகவே வந்தது, அதுதான் கொடுமை. சித்திரைக் கடைசியில் முழங்கால் உயரக் கரும்பச்சை, கிளைக்குக் கிளை வெள்ளைப் பூ. விரிந்த பூ இரண்டாம் மூன்றாம் நாள் காம்போடு கழன்று பாத்தியில் கிடந்தது. ஒரு காய் இல்லை. வேலிக்கு அப்பால் பரமலிங்கத்தின் செடிகளில் சிவப்பும் பச்சையுமாய்த் தொங்கியது.

"உன்ரை தம்பி செய்வினை வைச்சிட்டான்," என்றார் மனைவியிடம்.

"சுருட்டுப் பத்த நெருப்புப்பெட்டிக்கே இங்கை வாறவன். செய்வினைச் சாமானுக்கு ஆரிட்டைப் போனவனாம்?"

கனகலிங்கம் வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஆம்பிளை எண்டால் வைரவர் கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்!"

வேலிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வெள்ளிக்கிழமை முழுகி ஈரத்துணியோடை வாறன் அத்தான். அணைச்சால் விடியல் முறை எனக்கு. சம்மதமோ?"

"ஓம்!"

நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இனித் தப்ப ஒரே வழி: கற்பூரம் அணையுமுன் குற்றம் சொன்னவர் "போதும்" என்றால், பழியும் இல்லை, பந்தயமும் இல்லை.

மீனாம்பிகை சொல்லியனுப்பி, புதன்கிழமை காலை விவசாயப் போதனாசிரியர் இராசநாயகம் சைக்கிளில் வந்தார். அன்று விரிந்த பூ ஒன்றைப் பறித்துப் பெருவிரல் நகத்தில் தட்டினார். நகம் வெறுமையாய் இருந்தது. பிறகு பூதக் கண்ணாடியைக் கனகலிங்கத்திடம் கொடுத்தார்.

"இந்த நீலப் பைகள் வெடிச்சு மகரந்தம் கொட்டவேணும். வெடிக்கேல்லை. உள்ளை கிடக்கிறதும் சுருங்கிப்போச்சு. மகரந்தம் செத்தால் காய் பிடியாது. காய் பிடியாத பூவைச் செடி வைச்சிருக்காது."

"ஆர் சாகடிச்சது?"

"வெயில். அதுவும் நேற்றையான் வெயிலில்லை. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முந்தி, மொட்டிலேயே வெந்திட்டுது. இரவும் ஆறேல்லைத்தானே."

"அப்ப உவன்ரை தோட்டத்துக்கு வேறை சூரியனோ?"

இராசநாயகம் வேலி இடுக்கால் கையை விட்டு, பரமலிங்கத்தின் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்துத் தட்டினார். அதிலும் தூள் இல்லை. "கீழை பாருங்கோ, அங்கையும் இப்ப விரியிறது கொட்டுது. அந்தக் காயெல்லாம் வெக்கை வரமுன்னம் பிடிச்சது. நீங்களும் தையிலை நட்டிருந்தால்..."

கனகலிங்கம் குனிந்து பார்த்தார். பரமலிங்கத்தின் பாத்தியும் வெள்ளையாய்க் கிடந்தது. அவர் மூளை குறைந்தவர் அல்லர், உடனே விளங்கிவிட்டது. தையில் ஏன் நடவில்லை என்பது ஊருக்கே தெரியும். குற்றவாளி சூரியன், உடந்தை அவரே. இரண்டு பேரையும் ஈரத்துணியோடு வைரவர் முன் நிறுத்த முடியாது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பரமலிங்கம் தண்ணீர் சொட்டச் சொட்ட வைரவர் கோயிலில் வந்து நின்றான். கற்பூரம் எரிந்தது.

"போதும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்று மீனாம்பிகை மெதுவாய்ச் சொன்னாள். "முறை எங்களிட்டையே கிடக்கும்."

கனகலிங்கம் வாயைத் திறந்தார்.

"கை சுடமுன்னம் சொல்லுங்கோ அத்தான்," என்றான் பரமலிங்கம். "வெயில்தான் செய்தது எண்டு விவசாய வாத்தியார் சந்தையெல்லாம் சொல்லித் திரியிறாராம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அணைக்கட்டும்," என்றார் கனகலிங்கம்.

பரமலிங்கம் உள்ளங்கையால் அணைத்தான்.

மறுநாள் முதல் கனகலிங்கம் ஒன்பது மணிக்குமேல் துலா ஏறினார். முறை முடித்து இறங்கி வரும் மைத்துனனோடு கதைப்பதில்லை. அவன் காலடி ஈரத்தில் தன் கால் படாமல் சுற்றிப் போவார். அடுத்த வருடம் தை பிறக்க முன்னமே நாற்றைத் தயாராக்கி, ஊரில் முதல் ஆளாய் நட்டார். பங்குனியில் கிளை முறியக் காய்த்தது.

"என்ன கனகலிங்கண்ணை, இந்த முறை செய்வினை ஒண்டும் இல்லையோ?" என்று சந்தையில் ஒருவன் சீண்டினான்.

கனகலிங்கம் மிளகாய்ச் சாக்கை இறக்கி வைத்து, அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"இனி ஏன் வைக்கிறான்? விடியல் முறையை எடுத்திட்டானே."