பள்ளி வேனில் ஓர் இயர்பட்

பள்ளி வேனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காவின் இடது காதில் எப்போதும் ஒரு வெள்ளை இயர்பட் இருக்கும். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டு மயக்கத்தில் என் நான்கு வயது மகளை எங்காவது தவறவிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஒரு நாள் காலையில் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க அக்கா, பாட்டுக் கேட்டுட்டே புள்ளைங்களை எப்படிங்க பாத்துக்குவீங்க?”

அவர் அதைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, என் காதில் வைத்தார். சத்தமே இல்லை.

“அது கெட்டு ஆறு மாசமாச்சுங்க அம்மணி. காதுல இது இல்லீன்னா டிரைவர் அண்ணன் பேசியே கொன்னுபோடுவாருங்க. ஏறுனது எத்தனை, எறங்குனது எத்தனைன்னு நான் எண்ணீட்டே வரோணுமில்லீங்க?”

வேன் கிளம்பியதும் அவர் உதடுகள் மறுபடி அசைந்தன. தெருமுனை திரும்பும்வரை நிற்பவள், அன்று பாதியிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டேன்.