பஸ்ஸில் படித்துக் காட்டிய ஒரு பத்தி

இன்று அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் நடந்தது.

கணவனுக்குப் பயந்து வாழும் பெண்களைப் பற்றி உளவியல் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். அதில் ஒரு பத்தியை போனில் தோழிக்குப் படித்துக் காட்டினேன். கணவனின் லாரிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிற, நான் பேட்டி எடுத்த ஒரு பெண்ணைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தேன், ஊரைச் சொல்லவில்லை.

போனை வைத்ததும் பக்கத்து சீட் அம்மா கேட்டார்: "ஏம்மா, ரெண்டும் பொட்டப் புள்ளைங்கதானே?"

"இல்லைங்க, இது வேற யாரோ" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அந்த லாரிக்காரன் என் கூடப் பொறந்த தம்பி."

சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

உடனே பத்தியில் வரும் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "நாத்தனாருக்கு எல்லாம் தெரியுங்க. நான் வெளிய சொன்னது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம இருந்தா போதும்" என்றார்.

பத்தியை நீக்கிவிட்டேன். அந்த அம்மா இறங்கி யார் வீட்டுக்குப் போனார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயரை மாற்றினால் போதும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கிற ஊரில் வேறு எதைத்தான் மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.