நான் காவல் நின்ற பாறை

பேனாவைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் இன்றைக்கும் வாய் திறக்க மாட்டேன். எழுதத் தெரியாதவள் எழுதுகிறாளே என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். என் சித்தப்பாவின் மனைவியான சித்தியைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எண்பதுகளில் ஒரு சித்திரை மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. திண்டிவனத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்திக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விழுப்புரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் அவள். அப்பாவுக்குத் தெரிந்த வனக்காவலர் ஒருவர், அனந்தபுரத்துக்கு அப்பால் மலைக்காட்டில் இருந்த தகரக் கொட்டகையில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளச் சொன்னார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தலைகால் புரியவில்லை. சித்தி மட்டும் அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அங்க கக்கூஸ் இருக்குமா?"

சாப்பிடும்போது அம்மா அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அண்ணே, மகாராணிக்குக் காட்டுல கதவு போட்டு தாப்பா வச்சிக் குடுக்கணுமாம்!"

"நான் வரலங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் சித்தி.

"நீ வராம? ஊரே காட்டுக்குத்தான் போவுது. நீ இன்னா மேலேர்ந்து எறங்கி வந்தவளா?"

அப்பா இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். சித்தி வந்தாள்.

அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் மலையேறினோம். வழியில் சித்தி சொம்பை வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். கொட்டகையிலும் அப்படித்தான். கேப்பைக் கூழைத் தொடவில்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டி வரும் என்றுதான் குடிக்காமல் இருந்தாள். மறுநாள் விடிவதற்கு முன் அம்மா ஒதுங்கப் போகக் கூப்பிட்டாள். அவளோடு போகச் சித்திக்கு மனமில்லை. மதியத்துக்குள் சித்தியின் உதடு வெடித்துவிட்டது. சித்தப்பா அவள் முன்னால் சொம்பைத் தூக்கி அண்ணாந்து கடகடவென்று குடித்துக் காட்டினார்.

அன்றைக்குச் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏய் பாப்பா, உங்க சித்தி எங்கனா ஒதுங்குனா எங்கிட்ட ஓடியாந்து சொல்லு. ஒரு வேடிக்க காட்டறேன்." அந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் தனியாகச் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சித்தி என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது. "முடியலடி கண்ணு. நீ கூட வா. அந்தப் பாறைகிட்ட நின்னுக்கினு இரு. யாருனா வந்தா கொரல் குடு. ஒன்ன நம்பித்தான் போறேன்." கூடவே போனேன். பாறைக்குப் பின்னால் அவள் மறையும்வரை நின்றேன். பிறகு ஓடிப்போய்ச் சொன்னேன்.

சித்தப்பா அலுமினியத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, "பன்னி! காட்டுப்பன்னி!" என்று கத்தியபடி பாறையைச் சுற்றி ஓடினார். சித்தி புடவையை வாரிப் பிடித்தபடி வெளியே ஓடி வந்தாள். கால் தடுக்கி, எல்லோருக்கும் எதிரில், சரளைக் கல்லில் குப்புற விழுந்தாள். புடவை நனைந்திருந்தது. அப்பா சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னால் ஒரு வீடே சிரித்தது அதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னது?" என்று கேட்டாள் சித்தி.

"எல்லாம் ஒன்னோட காவல்காரிதான்" என்றார் சித்தப்பா.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முழங்கையில் ஒட்டியிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். சின்னப் பெண் அப்போது, என்ன தெரியும் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் ஓடினேன்.

மறுநாள் காலையில் இறங்கி அனந்தபுரம் வந்தோம். விழுப்புரம் பஸ் முதலில் வந்தது. சித்தி யாரிடமும் சொல்லாமல் அதில் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் திண்டிவனம் போக இன்னும் ஒரு மணி நேரம் நின்றோம்.