எனக்குக் கேட்காமல் போன கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் பி.எட். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகும் பயிற்சிக் காலம். திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசிபாளையம் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு.

எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும், இந்தப் பக்கம் நாங்கள் தூங்குவோம். பதினொன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிகிற வரைக்கும் தினமும் நானும் தறியில் நின்றவள்தான். தறி ஓடும்போது பேச்சு என்பதே கிடையாது. கை ஜாடை, உதட்டசைவு, அவ்வளவுதான். அவசரமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அந்தக் கத்தல் சாப்பிடும்போதும் தொடரும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், "என்னங்க, எந்நேரமும் சண்டையா?" என்று சிரிப்பார்கள்.

கரண்ட் போய்த் தறி நின்றால் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் வரும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

படிப்பில் எனக்குக் கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. மற்ற பாடமெல்லாம் வாத்தியார் வாயால் சொல்லிக்கொண்டே போவார். எனக்குப் பாதி நிற்காது. கணக்கு அப்படியே போர்டில் இருக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தே பி.எஸ்சி. முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கணக்கு டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறொரு ஆசை எனக்கு இருந்ததாக நினைவில்லை.

பயிற்சி வகுப்பு முதல் இரண்டு வாரம் அருமையாகப் போனது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. என்னோடு படித்த ஒருத்தி வேறொரு பள்ளிக்குப் போயிருந்தாள். பசங்க பேசிப் பேசியே உயிரை எடுக்கிறார்கள் என்று போனில் அழுதாள். எங்கள் பிள்ளைகள் தங்கம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர்தான் என் வகுப்பைக் கவனித்து மதிப்பெண் போட வேண்டியவர். கண்டிப்பானவர். ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கவனித்தார். அன்று சமன்பாடுகள் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்றுதான் நினைத்தேன். மணி அடித்ததும் வராந்தாவில் நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, பசங்க கேட்கறதுக்கு நீ பதிலே சொல்றதில்லையே, ஏன்?"

"யாரும் எதுவும் கேட்கலீங்களே மேடம்."

அவர் முகம் சுருங்கியது. "மூணாவது பெஞ்சுல அந்தப் பொண்ணு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா. நீ போர்டைப் பார்த்து எழுதிட்டே இருக்க. அவ மிஸ், மிஸ்ஸுன்னு கூப்பிட்டது பின்னாடி இருக்கற எனக்கே கேட்டுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கல நீ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். அவர் என் தோளைப் பிடித்து முற்றத்துத் தென்னை மரத்தின் பக்கம் திருப்பினார். பிறகு, "அந்தத் தென்னை மரத்தைப் பார்த்துட்டு நில்லு" என்றார். நின்றேன். காற்றில் மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. எதற்காக நிற்கச் சொன்னார் என்று யோசித்தபடியே நின்றேன். கடைசியில் தோளில் கை விழுந்தது. திரும்பினேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"உம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தேன் சாமி" என்றார்.

அந்த வாரமே அம்மா என்னைத் திருப்பூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் சில சத்தங்கள் கேட்டன. அப்புறம் ஒன்றுமே இல்லை. மெஷின் நின்றுவிட்டது போல என்று கண்ணாடி வழியாக வெளியே இருந்த நர்ஸைப் பார்த்தேன். அவர் விடாமல் எதையோ திருகிக்கொண்டும் அழுத்திக்கொண்டும் இருந்தார். என் விரல் பட்டன்மேல் சும்மா கிடந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "இரைச்சல்லயே வளர்ந்ததுனால வந்ததுங்க இது. போனது திரும்பாது. ஆம்பளைங்க குரல், கனமான சத்தம் ஓரளவு கேட்கும். சின்னப் பசங்க குரல், மெல்லமாப் பேசறது, அதுதான் முதல்ல போகும்."

நான் யாருக்குப் பாடம் எடுக்கப் படிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் அம்மாவிடம் திரும்பி, "நீங்க எத்தனை வருசமாங்க தறி ஓட்டறீங்க?" என்றார். அம்மா புன்னகையோடு, "ஆமாங்க, பல்லடத்துல இருந்துதான் வர்றோம்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு உரக்க, "உங்களுக்கும் ஒருக்கா பார்த்தர்லாம்மா" என்றார். அம்மா கையை ஆட்டி மறுத்தார். "எனக்கெதுக்குங்க? தறிக்கு என்ன காதா வேணும்? இவளுக்குப் பாருங்க சாமி, இவ டீச்சராகணும்."

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

விஷயம் தெரிந்ததும் அப்பா தறிகளை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "நாந்தான் அம்மிணி உன்னையத் தறியில உட்டேன்" என்றார். மறுநாள் காலை தறி ஓடியது. ஓடித்தானே ஆக வேண்டும்.

கல்லூரியில் சொன்னேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்தால் வேலைக்கு உதவும் என்றார்கள். பரிசோதனை முகாமுக்குப் போனேன். அந்தச் சான்றிதழுக்கு என் குறை போதாதாம். வகுப்புக்கோ அது அதிகம். படிப்பை விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது.

பயிற்சி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. கணக்கு டீச்சர், "பசங்ககிட்ட நீயே சொல்லிரு. இல்லாட்டி உன்னையத் திமிர் புடிச்சவன்னே நெனைச்சுட்டு இருப்பாங்க" என்றார். வகுப்பு முன்னால் நின்று, எனக்குக் காது சரியாகக் கேட்காது, சந்தேகம் இருந்தால் கையைத் தூக்குங்கள், பக்கத்தில் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன். பின் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நேரே மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன். ஒல்லியான பெண். நான் குனிந்ததும் பயந்து எழுந்து நின்றாள். அவளை உட்கார வைத்து, அவள் உதட்டைப் பார்த்தபடி, "அன்னைக்கு என்ன கண்ணு கேட்டே? இப்பச் சொல்லு" என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மறந்துருச்சுங்க மிஸ்."

"பரவால்ல, யோசிச்சுச் சொல்லு. எந்தக் கணக்குல?"

"இல்லீங்க மிஸ். ஒண்ணுமில்லீங்க." புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு என்னையப் புடிக்காதுன்னு நெனைச்சுட்டேனுங்க."

மீதி இருந்த நாட்களில் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினேன். அவளிடம் தனியாகப் போய், இது புரிகிறதா, அது புரிகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நான் கிளம்பிய நாள் வரை ஒருதடவைகூட அவள் கையைத் தூக்கவில்லை.

பி.எட். முடித்துவிட்டேன். இப்போது காங்கேயம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறேன். அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டுகிறதே தவிர, ஒரு குழந்தையின் குரலைப் பிரித்துத் தருவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் தலைவலியோடு படுத்துவிடுகிறேன். அரசு வேலைக்கான தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாய்க்கவில்லை. வாய்த்தாலும் இந்தக் காதோடு எவ்வளவு காலம் தள்ளுவேன் என்று தெரியவில்லை. அம்மா இன்றுவரை டாக்டரிடம் வர மறுக்கிறார். அவரிடம் எதையாவது சொல்லும்போது, என் உதட்டை விட்டு அவர் கண் விலகுவதில்லை.

போர்டில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். எழுத்து கோணலாகிறது, பாடம் தாமதமாகிறது, தலைமையாசிரியர் கடிந்துகொள்கிறார். என்னால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ விடைகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு மனதில் நிற்பது அந்த ஒரு கேள்விதான், அது என்னவென்றுகூட எனக்குத் தெரியாது.