கூடுவாஞ்சேரியில் கேபிள் கசிவைத் தேடி: 450 ரூபாய் ரேடியோவோடு ஓர் ஆட்டோப் பயணம்

ஆட்டோவில் மூன்று பேர்: நான், என் கணவர், ஓட்டுநர் சேகர் அண்ணன். கூடுவாஞ்சேரியில் 140 வீடுகளுக்குப் போகும் கேபிள் லைன் எங்களுடையது. அதிலிருந்து சிக்னல் கசிந்து பக்கத்து செல்போன் டவரைத் தொந்தரவு செய்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் லைனையே நிறுத்தச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதப்போவதாக டவர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லைனால்தான். கசிவு காட்டும் மீட்டரின் விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது.

எங்கள் லைனுக்குள் மட்டும் ஓடும் ஒரு குரலைத் தெருவில் ரேடியோ பிடித்தால், ஓட்டை அங்கேதானே இருக்கும்? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. காரில் பாட்டுக் கேட்க மாட்டும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் 350 ரூபாய். தாம்பரம் மார்க்கெட்டில் பாக்கெட் ரேடியோ 450. காலியான ஓர் அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டரை என் கணவர் கேபிளோடு இணைத்தார். சினிமாப் பாட்டு போட்டால் வேறு ஸ்டேஷனோ என்று குழம்பும். அதனால் முருகன் நாமங்களை நானே சொல்லிப் பதிந்து ஓடவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூஜை முடித்துக் கிளம்பினோம். நடை வேகத்தில் நான்கு கிலோமீட்டர். முதல் தெருவில் வெறும் இரைச்சல். இரண்டாவது திருப்பத்தில் "கந்தா போற்றி" என்று கேட்டதும் சேகர் அண்ணன் பிரேக் போட்டார்.

"இன்னாக்கா, ரேடியோல நீங்களே பேசிகினு கீறீங்க?"

"அப்ப இங்கதான் ஓட்டை, அண்ணா."

கம்பத்தில் இணைப்பு தளர்ந்திருந்தது. புதுக் கனெக்டர் மாட்டியதும் என் குரல் நின்றது.

"சார், இந்தக் கனெக்டர் வூட்லயும் வேலை செய்யுமா?"

என் கணவர் காதில் விழாத மாதிரி ஏணியை மடக்கினார்.

இப்படி நான்கு இடங்களை அடைத்தோம். ஐந்தாவது, பூட்டிக் கிடக்கும் பச்சை கேட் வீடு. ரேடியோவின் ஏரியலை முழுதாக உள்ளே தள்ளியும் சத்தம் குறையவில்லை; அவ்வளவு பெரிய கசிவு. யாருமில்லாத வீட்டிலிருந்து என் குரல் வருவது விசித்திரமாக இருந்தது. சிக்னலைப் பெருக்கும் எங்கள் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அந்த மொட்டை மாடியில்தான் இருக்கிறது. கசிவு நிற்க அதை அணைத்துவிட்டால் அடுத்த அறுபது வீடுகளில் டிவி வராது.

"செவுரு ஏறிக் குதிச்சா ரெண்டு நிமிஷம்க்கா."

"கேக்காம அடுத்தவங்க வீட்டுல கால் வைக்க வேணாம், அண்ணா."

என் கணவரும் "சரி, போலாம்" என்றார்.

ஆட்டோ 500, கனெக்டர் 120, ஆக மொத்தம் 1,420 ரூபாய். நீங்களும் முயன்றால் வண்டிகள் பெருகுமுன் கிளம்புங்கள். சிக்னல் கிளம்பும் கண்ட்ரோல் ரூம் அருகே ரேடியோவை நம்பாதீர்கள். அங்கே எல்லாமே கசிவாகத் தெரியும்.

பச்சை கேட் வீட்டுக்காரரைத் தெரிந்தவர் யாராவது படித்தால் அவரிடம் சொல்லுங்கள். மாடிக்குப் போக அனுமதி போதும். பத்து நிமிட வேலை. வியாழன் மாலைக்குள் கீழே பதில் எழுதுங்கள்.