பாய்மரப் படகில் மகளோடு

பொங்கல் விடுமுறையில் நன்னிலத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஒரு தீவுக்குப் பாய்மரப் படகில் குடும்பமாகக் கிளம்பினோம். மருத்துவப் படிப்புக்கு இன்னொரு வருடம் முயன்று பார் என்று நான் சொன்னதிலிருந்து மகள் என்னோடு பேசுவதில்லை. படகுக்காரர் கொடுத்த பாய்க்கயிற்றை மட்டும் ஆசையாக வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடுவழியில் காற்று திசை மாறியது.

"அப்பா, தலையைக் குனிங்க!" என்று கத்தினாள்.

பாய் கட்டிய கழி என் தலைக்கு மேலே விர்ரென்று போனது. நான் படகுக்குள் குப்புற விழுந்து கிடந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

தீவில் இறங்கிப் புளியோதரை சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு டாக்டர் படிப்பு வேணாம்ப்பா. மீன்வளம் படிக்கட்டுமா?"

"படிம்மா. எங்க சேரணும்னு நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள்.