நெருக்கி விதைத்த மல்லாட்டை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, அதன் வாசம் வந்தால் எனக்குப் பசிக்காது, கோபம்தான் வரும்.

எங்கள் குத்தகை நிலத்தில் ஏருக்குப் பின்னால் நடந்து, அரைச் சாணுக்கு ஒரு விதையாக அம்மா போடுவாள். அந்த வருஷம் நிலக்காரர் வரப்பில் நின்று கத்தினார்.

"இன்னாடி, தரையக் காயப் போட்டுக்கினு போற? நெருக்கிப் போடு!"

"நெருக்கினா செடி மேல ஓடுங்க, காய் கீழ எறங்காதுங்க."

"எனுக்கே சொல்லித் தர்றியா?"

நெருக்கிப் போட்டாள். செடி தளதளவென்று நின்றது. பிடுங்கினால் ஒன்றிரண்டு காய்தான். "வெள்ளாமை தெரியாத ஜனங்க" என்று நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். அந்த ஆள் அரைச் சாண் விட்டுத்தான் விதைத்தான். வரப்பில் நின்ற நிலக்காரர் வாயே திறக்கவில்லை.

"சூடா இருக்குது, வாங்கிக்க தம்பி" என்கிறார் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை விற்கும் வண்டிக்காரர்.

"எந்த ஊர் நிலத்துது?" என்கிறேன். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.